பேரன் பாய்க்கடியில் ஒரு மீன் கத்தி

"நான் ஊட்டுக்கெல்லாம் எடுத்துக்கினு போற பழக்கம் இல்லீங்க மொதலாளி" என்றார் சுப்பராயலு.

யாரும் அவரைக் கேட்கவில்லை. மீன் கடை முதலாளி நடராசன் கேட்டதெல்லாம் ஐஸ் வண்டி வந்துவிட்டதா என்பதுதான். தராசுக்கு அடியில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எதைய்யா சொல்ற?"

"வளையுற கத்திய."

"ஏன், அதுக்கு இன்னா?"

"காணோமுங்க."

சொன்ன பிறகுதான் சுப்பராயலுவுக்குத் தான் உளறியது உறைத்தது. ஐஸ் வண்டி வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் முந்திக்கொண்டது. நல்லவேளையோ கெட்ட வேளையோ, நடராசன் அவரைச் சந்தேகப்படவே இல்லை.

"உன்ன யாருய்யா சொன்னது? நீ அதக் கண்ணு மாதிரி வெச்சிக்கினு இருக்கிறவன். தேடிப் பாரு, இங்கதான் எங்கியாச்சும் கெடக்கும்."

கடை இருப்பது திண்டிவனத்தில், மரக்காணம் ரோட்டில். விடியக்காலையில் கடற்கரைப் பக்கமிருந்து வண்டி வரும். வஞ்சிரம், சங்கரா, கொடுவா என்று பெட்டி பெட்டியாக இறங்கும். ஊர்ச் சனங்கள் தலையும் முள்ளுமாகத் துண்டு போட்டு வாங்கிப் போவார்கள். அதற்குப் பெரிய கத்தி போதும். குயிலாப்பாளையத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து சாப்பிடுகிற ஓட்டல்களுக்கு மட்டும் அது உதவாது. அவர்களுக்கு ஒரு முள் இருக்கக் கூடாது, தோல் இருக்கக் கூடாது, சதை வாழை இலை மாதிரி பிய்யாமல் முழுசாக வர வேண்டும். அந்த வேலைக்கென்று ஒரு தனிக் கத்தி. மெலிசாக, நீளமாக, அழுத்தினால் வில்லாக வளையும். அதனால்தான் கடையில் அதற்கு வளையுற கத்தி என்று பேர்.

அதைப் பொறுக்கி எடுத்தவரே சுப்பராயலுதான். நடராசன் அவரைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பி, உனக்குப் பிடித்ததை வாங்கி வா என்றார். கடைக்காரர் பளபளவென்று எவர்சில்வர் கத்திகளை வரிசையாக அடுக்கினார். சுப்பராயலு ஒவ்வொன்றாக எடுத்து நுனியைப் பலகையில் ஊன்றி அழுத்தினார். சிலது வளையவே மாட்டேன் என்றது. சிலது வளைந்து, அப்படியே கோணலாக நின்றது. வளையவும் வேண்டும், கையை எடுத்ததும் நேராகவும் வேண்டும். அப்புறம் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று கடைக்காரர் பாட்டிலை நீட்டினால், இவர் அதை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு ஈரக் கையால் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாங்க, பொண்ணு பாக்க வந்தீங்களா, கத்தி வாங்க வந்தீங்களா?"

"பொண்ணு பாக்க இம்மாம் நேரம் ஆவாதுங்க. மீனும் வழுக்கி, கைப்பிடியும் வழுக்கிச்சுன்னா வெரலு போயிடும்."

கடைசியில் அடியில் கிடந்த மங்கலான ஒன்று கைக்கு வந்தது. எவர்சில்வர் இல்லை, எஃகு. நுனி குறுகி, முதுகு மெலிந்து, நடு முள்ளை ஒட்டிப் போவதற்கென்றே அடித்த மாதிரி இருந்தது. ஒரு தீட்டுத் தீட்டினால் கூர் ஏறும், சீக்கிரம் மழுங்காது.

"அது துருப் பிடிக்குங்க. ஒரு நாள் ஈரமா உட்டீங்கன்னா போச்சு" என்றார் கடைக்காரர்.

"நாம ஒழுங்கா இருந்தா அது ஏன் துருப் பிடிக்கப் போவுது?" என்று கேட்டு வாங்கி வந்தார் சுப்பராயலு.

ஒழுங்காகத்தான் இருந்தார். அந்தக் கத்தியால் தலை வெட்ட மாட்டார், நடு முள்ளை நறுக்க மாட்டார். மரப்பலகையைத் தவிர வேறு எதன் மேலும் அதை வைக்க மாட்டார். வேலை முடிந்த கையோடு கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு விரலால் தடவி, காய்ந்த அட்டையில் செய்த உறையில் போடுவார். உறை நனைந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புது அட்டை மடிப்பார். கடையில் யாராவது அதைப் பாத்திரங்களோடு தொட்டியில் போட்டால் அன்றைக்கு அவர்களுக்குக் கச்சேரி.

ஒரே ஒரு பேஜாரு. முதலாளி, கத்திகளை எல்லாம் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடுவார். பெரிய கத்திக்கு அது சரி. மெலிசுக் கத்தியைச் சக்கரத்தில் வைத்தால் பொறி பறக்கும், சூட்டில் கூர் செத்துப் போகும். தண்ணீர் ஊற்றி, கல்லில் படுக்க வைத்து, மெதுவாகத் தேய்க்க வேண்டும். அந்தக் கல் சுப்பராயலு வீட்டில் இருந்தது. கடைப் பொருளை வெளியே கொண்டு போகக் கூடாது என்பது நடராசன் போட்ட சட்டம். அதனால் சுப்பராயலு சொல்லாமல் செய்தார். மாதம் ஒரு கிருத்திகை வரும். அன்றைக்குச் சனம் மயிலம் மலைக்குப் போகும், மீன் வாங்க ஆள் வராது, கடைக்கு லீவு. முதல் நாள் சாயங்காலம் கத்தியை மஞ்சள் பைக்குள் வைத்து எடுத்துப் போவார், கிருத்திகை கழிந்த விடியலில் யாருக்கும் முன்னால் வந்து வைத்துவிடுவார். கத்தி நன்றாக இருக்கட்டும் என்று செய்ததுதான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது.

இந்தக் கிருத்திகை அன்றுதான் பேரன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான்.

அவர் மகள் அஸ்வினியைக் கட்டிக் கொடுத்தது விழுப்புரத்தில். மருமகன் வல்லரசு பைக் மெக்கானிக். தலைப் பிரசவம் தாய் வீட்டில் பார்க்க வேண்டியது. இங்கே தாய் இல்லை. சுப்பராயலுவின் மனைவி போய்ச் சேர்ந்து பல வருசமாகிறது. மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கும் கூலியாக இருந்து, மீன் கடையில் ஐஸ் தூக்கி, அப்புறம் வெட்டக் கற்றுக்கொண்டு ஒண்டியாகவே வளர்த்த பெண். வல்லரசின் தாய் பாஞ்சாலிதான், "நான் பாத்துக்கறேன் சம்பந்தி, நீங்க கவலப்படாதீங்க" என்று எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டாள். அதிலேயே அவருக்குத் தலை குனிவு. ஆஸ்பத்திரியில் பிள்ளையை நீட்டியபோது, "மீன் வாட அடிக்குதே சம்பந்தி, கைய நல்லாக் கழுவிக்கினு தூக்குங்க" என்று பாஞ்சாலி யதார்த்தமாகச் சொன்னாள். அவர் தூக்காமலே திரும்பிவிட்டார். வீட்டில் சீயக்காயும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மோந்து பார்த்தார்.

கிருத்திகை அன்று விழுப்புரத்துக்குப் போய்ப் பேரனைக் கையில் வாங்கினார். கொடுவா மீன் குஞ்சு மாதிரி ஒரு வழுவழுப்பு. தலையில் அப்படி ஒரு முடி. கொட்டாவி விடுகிறபோது முகமே வாயாகப் போயிற்று. பார்க்கப் பார்க்கச் சுப்பராயலுவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"புள்ளக்கிப் பக்கத்துல இரும்பு வெக்கணும். காத்து கருப்பு அண்டாது" என்றாள் பாஞ்சாலி. "எல்லாம் எவர்சில்வராப் போச்சு. அருவாமணைய பாய்க்கடியில வெக்க முடியுமா? டேய் வல்லரசு, உன் ஸ்பேனர் ஒண்ணு எடுத்தா."

"ஸ்பேனரா?" என்றார் சுப்பராயலு. "எம் பேரனுக்கு ஸ்பேனரா?"

விடிந்ததும் விழுப்புரத்திலிருந்து நேராகக் கடைக்குப் போய்விடலாம் என்று மஞ்சள் பையைக் கையோடு கொண்டு வந்திருந்தார். பையைத் திறந்து அட்டை உறையை உருவிக் காட்டினார். முந்தின நாள் இரவுதான் தீட்டியது. வெளிச்சம் பட்டு ஓடியது.

பாஞ்சாலி வாயில் கை வைத்தாள். "ஆத்தாடி! யாருது சம்பந்தி இது?"

"நம்மளுதுதான்" என்றார் அவர். "நானே தேடிப் பொறுக்குனது."

முதல் பாதி பொய், இரண்டாம் பாதி நிஜம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை. உறையில் போட்டு, துணியில் சுற்றி, சுவர் ஓரமாகப் பாய்க்கடியில் தன் கையாலேயே வைத்தார். மீன் வாடை என்று சொன்ன அதே வாயால் பாஞ்சாலி பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "எங்க சம்பந்தி சொந்தக் கத்திய பேரனுக்கு வெச்சிருக்காரு, வந்து பாரு" என்றாள். அன்றைய இரவு சுப்பராயலு ராஜா மாதிரி தூங்கினார்.

விடியலில் மெதுவாகப் பாயைத் தூக்கினார். பாஞ்சாலி முழித்துக்கொண்டாள்.

"இன்னா சம்பந்தி பண்றீங்க? வெச்ச இரும்ப எடுக்கலாமா? தீட்டு கழியற வரிக்கும் அது அங்கதான் இருக்கணும்."

"இல்ல... நல்லா இருக்குதான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, வெறும் பையோடு பஸ் ஏறினார். அந்த விடியலில்தான் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

கடையில் மீன் கழுவிச் செதில் எடுப்பது சவுரியம்மாள். சுப்பராயலுவுக்கு மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவார். லீவுக்கு முந்தின சாயங்காலம் கடைசியாகக் கடையைக் கழுவிவிட்டுப் போனவள் அவள். அவள் மகன் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக மீன் வறுக்கும் தள்ளுவண்டி போட்டிருந்தான். இரண்டையும் நடராசன் சேர்த்துப் பார்த்தார்.

"உம் மவனுக்குக் கத்தி தேவப்படுமே சவுரியம்மா" என்றார், சிரிக்கிற மாதிரி.

அவள் சிரிக்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், செதிலும் குடலும் செவுளும் நிறைந்த கழிவு டிரம்மைத் தரையில் கவிழ்த்தாள்.

"தவறி இதுல உழுந்திருக்கும் தம்பி. கழிவு வண்டி வந்தா வாரிக்கினு போயிடுவான். ஜல்தி."

முழங்கை வரைக்கும் அதில் விட்டு அளைந்தாள். சுப்பராயலு என்ன செய்வார்? சும்மா நிற்க முடியவில்லை. அவரும் எதிரே குந்திக்கொண்டு கையை விட்டார். இல்லாத பொருளை, இல்லை என்று தெரிந்தே, ஈ மொய்க்க மொய்க்கத் தேடினார்.

"நீ கைய உடாத தம்பி" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள் சவுரியம்மாள். "உள்ள கத்தி கெடந்தா கிழிச்சிடும். உனக்கு வெரலு முக்கியம். நான் பாக்கறேன்."

அவர் கையைக் கழுவப் போனார். குழாயடியில் வெகுநேரம் நின்றார்.

சாயங்காலம் அவர் கிளம்பும்போது அவளே வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "பால் சொறா வந்துச்சு, மொதலாளிகிட்ட சொல்லி எடுத்து வெச்சேன். உம் பொண்ணுக்குப் புட்டு செஞ்சு குடுக்கச் சொல்லு. நல்லாப் பால் ஊறும். பேரன் எப்படி இருக்கான், உன்ன மாதிரியா?"

"இல்லக்கா. அழகா இருக்கான்."

"அப்ப சரி" என்று சிரித்தாள். அத்தனை நடந்த பிறகும் சிரித்தாள்.

அந்தப் பொட்டலத்தோடு விழுப்புரம் போனார். போகிற வழியெல்லாம் வார்த்தையை உருட்டி வைத்துக்கொண்டார். சம்பந்தியம்மா, அந்தக் கத்தி கடைக் கத்தி, ஒரு நாளைக்குக் குடுங்க. இவ்வளவுதான். பாஞ்சாலி சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டு தாராளமாகப் போட்டுப் புட்டு கிளறினாள். அஸ்வினி தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

"யாருப்பா குடுத்தாங்க? இவ்ளோ நல்லா இருக்குது."

"கடையில ஒரு அக்கா."

"நல்ல மனசு" என்றாள் பாஞ்சாலி. "சம்பந்தி, உங்க கத்தி வெச்சதுலருந்து புள்ள ஒரு தடவ கூடத் திடுக்குனு தூக்கிப் போடலீங்க. தெருவுல எல்லாருகிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன்."

பேரன் அவர் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். சுப்பராயலு வார்த்தையை விழுங்கினார். விரலை உருவிக்கொண்டு வெறும் கையோடு திரும்பினார்.

பெரிய கத்தியால் முள் எடுத்த மீன் பிய்ந்து பிய்ந்து வந்தது. குயிலாப்பாளையத்து ஓட்டல் ஒன்று, இது என்ன நாய்க்கா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது. நடராசனுக்குக் கோபம் ஏறிவிட்டது. நேராகச் சவுரியம்மாளிடம் போனார்.

"நான் உன்னத் திருடின்னு சொல்லல. கத்தி வர்ற அன்னிக்கு நீயும் வா. அதுவரிக்கும் வராத."

அவள் ரப்பர் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டுச் சுப்பராயலுவைப் பார்த்தாள்.

"நீயாச்சும் சொல்லு தம்பி. நான் எடுப்பனா?"

அவர் கையில் ஒரு சங்கரா இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு இன்னாக்கா தெரியும்" என்றார்.

சொன்ன வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. அவள் போன பிறகு அந்த ஏப்ரன் ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சங்கராவை அவரால் வெட்ட முடியவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

விழுப்புரத்தில் வீட்டு வாசலில் பாய் காய்ந்துகொண்டிருந்தது. பாஞ்சாலி அவரைப் பார்த்ததும் கையைத் தட்டிச் சிரித்தாள்.

"வாங்க சம்பந்தி! உங்க பேரன் பண்ண வேலயப் பாருங்க. பாய் நனஞ்சு, துணி நனஞ்சு, உங்க கத்தியும் நனஞ்சு போச்சு. இப்பதான் எடுத்தேன், தொடச்சிட்டுத் திரும்ப வெக்கலாம்னு."

உறை கூழாக இருந்தது. அவர் பிரித்தார். மூத்திரத்தில் ஊறிய அட்டை கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியிலிருந்து பாதி வரைக்கும் செம்மண் பூசின மாதிரி துரு. நகத்தால் சுரண்டினார். அடியில் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்க விடாதவர். நனைந்த உறையைத் தூக்கிப் போடச் சொல்லி எத்தனை பேரைத் திட்டியிருப்பார்!

"இன்னா சம்பந்தி, அழுவுறீங்களா? கொழந்த மூத்திரம்தானே?"

சுப்பராயலு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். "இது என்னுது இல்ல சம்பந்தியம்மா. கடையோடது."

"நம்மளுதுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"கேட்டுத்தானே எடுத்துக்கினு வந்தீங்க?"

"இல்ல."

மீதியையும் சொன்னார். டிரம்மைக் கவிழ்த்தது, ஏப்ரனைக் கழற்றி மாட்டியது, எனக்கு என்ன தெரியும் என்று சொன்னது. அஸ்வினி கதவோரம் பிள்ளையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்கு எதிரில் இப்படி ஒரு நாள் வரும் என்று அவர் நினைத்ததில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம்.

பாஞ்சாலி சிரிப்பை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

"அந்தச் சொறா குடுத்தது?"

"அந்த அக்காதான்."

"தூ" என்றாள், அவரைப் பார்த்து இல்லை, தெருவைப் பார்த்து. "எம் மருமவ ஒடம்புல அந்தப் பொம்பள குடுத்தது பாலா ஓடுது. அதக் குடிச்சிட்டுத்தான் உங்க பேரன் மூத்திரம் உட்டிருக்கான். அந்தப் பொம்பளயத் திருடின்னு வேலய உட்டு நிறுத்தியிருக்காங்க, நீங்க வாயில கொழுக்கட்டய வெச்சிக்கினு நின்னீங்களா?" பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள். "டேய் வல்லரசு! ஸ்பேனர எடுத்தாடா!"

வல்லரசு பெரிய ஸ்பேனர் ஒன்றைக் கொண்டு வந்து, மாமனாரைப் பார்க்காமல், காய்ந்த பாயை உள்ளே விரித்து அதற்கு அடியில் வைத்தான். பேரன் அதன் மேல் படுத்துக் காலை உதைத்துக்கொண்டான். அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

திண்டிவனம் திரும்பிய சுப்பராயலு கத்தியைப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தார். கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். துரு போயிற்று. கைப்பிடி ஓரம் அரித்த புள்ளிகள் மட்டும் போகவில்லை. இனி எத்தனை எண்ணெய் தடவினாலும் அது போகாது. பழைய பழக்கத்தில் எண்ணெய் தடவினார், புது அட்டை மடித்தார்.

காலையில் முதலில் சவுரியம்மாள் வீட்டுக்குத்தான் போனார். அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"கடைக்கு வாக்கா."

"கத்தி கெடச்சிடுச்சா?" வாளியைக் கீழே வைத்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "எங்க தம்பி கெடந்துச்சு?"

"நீ வா."

வழி நெடுக அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் முன்னால் நடந்தார், திரும்பவில்லை.

கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். நடராசன் கத்தியை உருவி, வெளிச்சத்தில் திருப்பினார். புள்ளிகள் மேல் கட்டை விரல் நின்றது. சவுரியம்மாளைப் பார்த்தார். அவருக்கும் சங்கடம்தான். அவசரப்பட்டுவிட்டோம் என்று முகத்தில் தெரிந்தது.

"இன்னாய்யா இப்படி அரிச்சிருக்கு? ஐஸ் பொட்டிக்குப் பின்னால உழுந்து கெடந்துச்சா? ஈரத்துலயே கெடந்து துரு ஏறியிருக்கும், அதானே?"

சுப்பராயலு வாயைத் திறப்பதற்குள் சவுரியம்மாளே முந்திக்கொண்டாள். "அதானே! அங்க மட்டும்தான் நான் பாக்கல. பாத்தியா தம்பி, தவறி எங்கியோ உழுந்திருக்கும்னு நான் சொன்னேன்ல?" ஆணியிலிருந்து ஏப்ரனை எடுத்துக் கழுத்தில் மாட்டவும் தொடங்கிவிட்டாள்.

தலையை ஒரு தரம் ஆட்டினால் முடிந்தது. நடராசன் அடுத்த ஆளுக்கு வஞ்சிரம் நிறுக்கப் போய்விடுவார். யாருக்கும் நஷ்டம் இல்லை. சுப்பராயலுவின் தலை பாதி அசைந்தும் விட்டது. அப்போது, ஏப்ரன் நாடாவைக் கட்டுகிற அவள் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் செதில் கீறின கோடுகள் இன்னும் காயவில்லை.

"ஐஸ் பொட்டிக்குப் பின்னால இல்லீங்க மொதலாளி" என்றார், வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில். "விழுப்புரத்துல எம் பேரன் பாய்க்கடியில கெடந்துச்சு. நாந்தான் திருட்டுத்தனமா எடுத்துக்கினு போயி வெச்சேன். அன்னிக்கு உன்கூட குந்திக்கினு அந்த டிரம்முல தேடனேனே அக்கா, அப்பவே எனக்குத் தெரியும்."